ஆத்திசூடியும் தொடக்கப்பள்ளித் தமிழும்

தமிழிலக்கிய ஆராய்ச்சி நம் பல்கலைக்கழகங்களில் தொகைநூல்களில் தொடங்கிப் புதினம், சிறுகதை வரை விரிந்து கிடக்கின்றது. ஆயினும், தமிழ் மக்களுள் மிகப் பலர் தம் வாழ்நாளில் எழுத்தெண்ணிப் படித்த தமிழ்நூல் யாது என வினவின், அதற்குரிய விடை எட்டுத்தொகையும் அன்று, கம்பராமாயணமும் அன்று. முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலே ஆகும். அதனைத் திறனாய்வாளர் ஏறெடுத்தும் நோக்கிற்றிலர். அது கல்வியியலார்க்குரியது என ஒதுக்கிவிட்டோம். கல்வியியலாரோ எத்தனை பிள்ளைகள் எத்தனை சொற்களைப் படிக்கின்றனர் என அளப்பர். அச்சொற்கள் எத்தகையன, பாட்டென அச்சிடப்பட்டது பாட்டுத்தானா, இந்நிரலில் இவ்வெழுத்து ஏன் நின்றது என்றெல்லாம் கேட்பது அவர்தம் பணி அன்று. அது நம் பணியே. நாம் செய்யாது விட்டது.

இக்கட்டுரை திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் மனத்திற்கொண்டு எழுதப்பெறுகின்றது. 1985இல் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நிலப்பகுதியில், நகரத்தார்க்குப் பூட்டுத் தொழிலும் தோல் பதனிடுதலும் நெசவும், நாட்டுப்புறத்தார்க்குக் காய்கறியும் பூவும் வாழையும் வாழ்வளித்து வந்தன. வேடசந்தூர்ப் பக்கத்தும் பிறவிடத்தும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல உள. நகரில் சௌராட்டிரம் பேசுவாரும் உளர். ஆகலின் இங்குள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லார்க்கும் பாடநூலின் தமிழ் ஒரே தொலைவில் இல்லை. ஒரு பிள்ளைக்கு அது அடுத்த தெரு. மற்றொரு பிள்ளைக்கு அடுத்த ஊர். ‘இவ்வாரம் வகுப்பில் என்ன கற்றாய்?’ என்று பெற்றோர் கேட்கும் எளிய வினாவை இலக்கிய மாணவர் தமக்குரிய வினாவாக ஏற்றுக் கேட்பின், விடை அத்துணை எளிதாக வாராது.

தமிழகத்தில் இப்பொழுது தொடக்க வகுப்புக் கற்பித்தலை நடத்துவது ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் ஆகும். நோய்த்தொற்றினால் 2020 மார்ச்சுத் திங்களில் மூடப்பெற்ற பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றே திறக்கப்பட்டன. அவ்விடைவெளியில் எழுத்தை மறந்த பிள்ளைகளும், எழுத்தையே காணாது இரண்டாம் வகுப்பை எய்திய பிள்ளைகளும் இருந்தனர். அக்குறை நீக்க 2022 சூன் திங்களில் முதல் மூன்று வகுப்புகளுக்கு இத்திட்டம் தொடங்கப்பெற்றது. 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் 2025க்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுதல் வேண்டும் என்பது அதன் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. திட்டத்தின் பெயர் கொன்றைவேந்தனின் எகர அடிக்கு முதலாக நிற்கும் இரு சொற்களே என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைக்கும் வழக்கு திருக்குறளின் கல்வி அதிகாரத்திலேயே உண்டு.

பெயரினும் நோக்கற்பாலது, பிள்ளைகளை வகுக்கும் முறை. அவர்தம் கற்றல் நிலையை ஆய்ந்து அரும்பு, மொட்டு, மலர் என முத்திறப்படுத்துவர். எழுத்தறியத் தொடங்கும் நிலை அரும்பு. சொல்லும் சிறு தொடரும் பயிலும் நிலை மொட்டு. தம் வகுப்புக்குரிய பாடத்தை ஏற்கும் நிலை மலர். இப்பெயர் சூட்டியவர் தமிழ் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. முதல் நிலை, இடைநிலை, கடைநிலை என்றோ, எண்ணிட்டோ வழங்காது பூவின் பருவத்தைக் கொண்டு வழங்கிய நாகரிகம் பாராட்டற்குரியது. ஆயினும் உவமை என்பது பொருளுக்குப் போர்த்த ஆடை மட்டும் அன்று; தனக்கெனச் சில கருத்துகளையும் உடன்கொணர்வது. அவற்றை ஆராய்வோம்.

தமிழ் பூவின் பருவங்களுக்குப் பல சொற்களைப் படைத்துக்கொண்ட மொழி. அரும்பு, நனை, முகை, மொக்குள், போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பிறப்பது முதல் வாடுவது வரை பெயருண்டு. இவற்றுள் மூன்றை நிரல்படத் தேர்ந்து ஒரு வளர்ச்சியைச் சொல்லிய புலவர் வள்ளுவர். பொழுதுகண்டிரங்கல் அதிகாரத்துக் குறள் ஒன்று காலை, பகல், மாலை என்னும் மூன்று பொழுதுக்கும் அரும்பு, போது, மலர் என்னும் மூன்று பருவத்தைப் பொருத்துகின்றது. ஆண்டு வளர்வது கல்வி அன்று, தலைவியின் காமநோய் என்பது வேறு செய்தி. நாம் கருதவேண்டியது உவமையின் அமைப்பே. அங்குப் பூ ஒன்றே, பருவம் மூன்று. காலையில் அரும்பாய் இருந்தது எதுவோ அதுவே மாலையில் மலர்கின்றது. ஒரே பொருள் காலத்தினூடே கொள்ளும் மாற்றத்தைச் சொல்லுவதற்கே அவ்வுவமை பிறந்தது.

வகுப்பறையிலோ நிலை வேறு. அங்கு ஒரே வேளையில், ஒரே கூரையின் கீழ், அரும்பு என ஒரு குழுவும் மொட்டு என ஒரு குழுவும் மலர் என ஒரு குழுவும் அமர்கின்றன. காலத்தைக் குறித்த உவமை இடத்தைக் குறிப்பதாயிற்று, பருவம் வரிசையாயிற்று. மூன்றாம் வகுப்பில் அரும்பாய் அமர்ந்திருக்கும் பிள்ளை தான் நாளை மலர்வேன் என்று அப்பெயரால் உணர்வதினும், பக்கத்துப் பிள்ளை மலர்ந்துவிட்டது என்று உணர்வதே மிகுதி. சொல் இனிதாயிருத்தலின் வடு தோன்றாது என நினைத்தல் தவறு. இடைநிலைக்குப் போது என்னும் சொல்லை விடுத்து மொட்டைக் கொண்டது வழக்கு நோக்கிய நல்ல தேர்வே. பிள்ளைகட்குப் போது என்பது வேளையையே நினைவூட்டும்.

இன்னொன்றும் கூறலாம். திண்டுக்கல்லிலும் நிலக்கோட்டையிலும் உள்ள பூச்சந்தைகள் பெயர் பெற்றவை. மல்லிகை பயிரிடும் ஊர்களில் பூவை விடியற்காலையிலேயே பறிப்பர். பறிப்பது மொட்டை. விலை பெறுவதும் மொட்டே. கொடியிலேயே மலர்ந்துவிட்டது சந்தைக்கு ஆகாது. பூப்பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு மலர் என்பது மொட்டினும் உயர்ந்த நிலை அன்று. பறிக்கத் தவறியதன் பெயர். நூலோர் உவமை நிலத்தில் இறங்கும்பொழுது இங்ஙனம் தலைகீழாதல் உண்டு. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. உவமை கேட்பாரின் திணையை நோக்கிப் பொருள்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா என்றே கூறுகின்றோம்.

இனிப் பழைய முறையை நோக்குவாம். திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பெருமிதமாகப் பேசுவது ஒரு காலத்து வழக்கம். இழித்துப் பேசுவது பின் வந்த வழக்கம். தாமசு மன்றோ 1822இல் கேட்டுப் பெற்ற கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றனர். அவருள் பெண்மக்கள் மிகச் சிலரே. எல்லாச் சாதியார்க்கும் அத்திண்ணை ஒப்ப உரியதாய் இருந்ததும் இல்லை. மணலில் விரலால் எழுதிப் பழகுதலும், மூத்த மாணவன் இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தலும் அம்முறையின் இரு கண்கள். எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்டுரு பெல் என்பார், இந்நாட்டுப் பள்ளியில் கண்ட இவ்விரண்டையும் தம் இல்லத்தில் கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன் பின்னர் அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று. திண்டுக்கல் ஊர்த் திண்ணையில் நிகழ்ந்தது போன்றதொன்று இலண்டன் ஏழைப் பிள்ளைகட்கும் பாடமுறையாயிற்று என்பது வியப்பன்று. ஆசிரியர் குறைவாயும் பிள்ளைகள் மிகுதியாயும் உள்ள இடமெல்லாம் அதுவே வழி.

அத்திண்ணையில் ஓதப்பெற்ற நூல்களுள் முதலது ஆத்திசூடி. அதனை நீதிநூல் என்று வகைப்படுத்தி நீதி இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தியில் முடித்துவிடுவது நம் இலக்கிய வரலாற்று நூல்களின் வழக்கம். அந்நூலின் நீதி பிற நூல்களிலும் உள்ளதே. பிற நூல்களில் இல்லாதது அதன் எழுத்தமைப்பு. அதனை விரித்துக் காண்பது ஈண்டு இன்றியமையாதது.

ஆத்திசூடி வழங்கும் பாடத்தின்படி 109 அடிகளை உடையது. முதற் பதின்மூன்று அடிகள் உயிர் பன்னிரண்டிற்கும் ஆய்தத்திற்கும் உரியன. அடுத்த பதினெட்டும் அகரம் ஏறிய மெய்களுக்கு, ககரம் முதல் னகரம் வரை, நிரலே உரியன. அதன்பின் க, ச, த, ந, ப, ம, வ என்னும் ஏழு மெய்களின் உயிர்மெய் வருக்கங்கள் வருகின்றன. ககர வருக்கத்திற்கு ஔகாரம் உட்படப் பன்னிரண்டு அடி. ஏனைய ஆறனுக்கும் ஔகாரம் நீங்கலாகப் பதினொன்று. ஆகப் பதின்மூன்றும் பதினெட்டும் எழுபத்தெட்டும் கூட 109 ஆதல் காண்க. எழுத்துகள் 247 ஆக, அடிகள் 109 ஆனது ஏன்? சொல்லுக்கு முதலாகப் பெருவரவிற்றாய் வரும் வருக்கங்களை மட்டும் ஆசிரியர் விரித்துக்கொண்டார். ஏனையவற்றிற்கு ஓரடியே தந்து அமைந்தார்.

அவ்வோரடி தந்த இடத்தில்தான் நூலின் நுட்பம் விளங்குகின்றது. டகரமும் ணகரமும் தமிழில் சொல்லுக்கு முதலாகா. அவ்வாறே லகரம், ழகரம், ளகரம் முதலியனவும் ஆகா. ஆகவே, அவ்வெழுத்தைப் பிள்ளைக்குக் காட்டவேண்டிய ஆசிரியர், அதனை இரண்டாமிடத்தில் நிறுத்தி, முன்னே ஓர் உயிரைத் துணைவைக்கின்றார். டகரத்திற்கு இடம், ணகரத்திற்கு இணக்கம், யகரத்திற்கு இயல்பு, ரகரத்திற்கு அரவம், லகரத்திற்கு இலவம், ழகரத்திற்கு அழகு, ளகரத்திற்கு இளமை, றகரத்திற்கு அறன், னகரத்திற்கு அனந்தல் எனச் சொற்கள் அமைகின்றன. இவ்வொன்பதனுள் ஐந்திற்கு இகரமும் நான்கிற்கு அகரமும் துணையாயின. இதனை ஓதும் ஐந்து வயதுப் பிள்ளை மொழிமுதல் எழுத்துப் பற்றிய நூற்பா எதனையும் அறியாது. அறியாமலே, டகரம் தனித்துச் சொல்லைத் தொடங்காது என்பதனை அதன் நா அறிந்துவிடுகின்றது. வேற்றுமொழிச் சொற்களைத் தமிழர் ஏற்குங்கால் முன்னே உயிர் சேர்த்து உலகம், அரங்கம், இராமன் எனக் கொண்ட மரபும் இதுவே அன்றோ?

வகர வருக்கம் இதனினும் தெளிவான சான்று. வகர மெய்யோடு உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரும் கூடிச் சொல்லுக்கு முதலாகா என்பது தொல்காப்பிய மொழிமரபு. ஆத்திசூடியின் வகர வருக்கத்தில் அந்நான்கு இடங்களிலும் வுகரம் முதலியன தேடி ஆசிரியர் இடர்ப்பட்டிலர். உத்தமன், ஊர், ஒன்னார், ஓரம் என உயிர்முதற் சொற்களையே வைத்து மேற்செல்கின்றார். பாடம் சிதைந்ததுபோல் மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றும் இவ்விடம் இலக்கணம் பிழையாது நின்ற இடமாகும்.

ஆயினும் ஆத்திசூடி முழுதும் தொல்காப்பிய நிலையில் நின்றது எனல் பொருந்தாது. சகரம் அ, ஐ, ஔ என்னும் உயிர்களோடு மொழிமுதலாகாது என்பர் தொல்காப்பியர். ஆத்திசூடியோ சகர அடி இரண்டனையும் அகரம் ஏறிய சகரத்தாலேயே தொடங்குகின்றது; சையென்னும் முதலும் அதன்கண் உண்டு. ஞகரம் அகரத்தோடு முதலாதலைத் தொல்காப்பியம் கூறவில்லை. ஆத்திசூடியில் ஞயம் என்னும் சொல் உளது. இவ்விரண்டிலும் அது நன்னூல் ஏற்ற நிலையோடு ஒத்துச் செல்கின்றது. யகரத்திலோ எனின், அகரத்தொடு யகரம் முதலாதலை நன்னூல் உடன்பட்டிருப்பவும், ஆத்திசூடி ஆசிரியர் அதனைக் கொள்ளாது இயல்பு என்னும் சொல்லையே வேண்டிக்கொண்டார். வடசொல் வழிப்பட்ட அவ்வழக்கைப் பிள்ளைப் பாடத்திற்கு வேண்டாவென விலக்கினார்போலும். பிற்கால ஔவையார் எனப்படுவாரது மொழியுணர்வை அளக்க இத்தகைய சிறு தேர்வுகள் பெரிதும் துணைபுரிவன.

ஙகரத்திற்கு உரிய அடி ஒரு புதுமை. சொல் கிடையாமையின் அவ்வெழுத்தையே உவமையாக ஆண்டுவிட்டார். எழுத்தின் வளைந்த வடிவைச் சுட்டிப் பணிவு கூறிற்று என்பது ஓர் உரை. பயன்பாடு அற்ற தன் வருக்கத்து எழுத்துகளையெல்லாம் ஙகரம் ஒன்றே நின்று காப்பதுபோலச் சுற்றத்தைத் தழுவுக என்பது மற்றோர் உரை. வடிவு நோக்கியது முன்னது. நெடுங்கணக்கின் இயல்பு நோக்கியது பின்னது. பிள்ளைக்கு முன்னதும் ஆசிரியர்க்குப் பின்னதும் பயன்படும் என்பது எம் கருத்து. ஓரடியில் இரு வாசகரையும் நிறைவித்த பாடநூலாசிரியர் அரியர்.

எழுத்து நிரலைக் கொண்டு நூல் யாத்தல் தமிழர்க்கே உரியதன்று. எபிரேயத் திருப்பாடல்களுள் 119ஆவது, அம்மொழியின் இருபத்திரண்டு எழுத்திற்கும் எவ்வெட்டு அடியாக 176 அடிகளில் அமைந்தது. ஆயின் அது வழிபாட்டுப் பாடல்; எழுத்து நிரல் அதற்கு நினைவுத்துணை. ஆத்திசூடியிலோ எழுத்தே கற்பிக்கப்படும் பொருள். நீதி அதனோடு உடன்வந்தது என்று கூறினும் இழுக்கில்லை.

இத்தகைய நூல் இன்று வகுப்பில் எவ்வாறு பயிலப்படுகின்றது? பெரும்பாலும் உயிர்வருக்க அடிகள் மட்டும் பாடப்படுகின்றன. அவற்றையும் நற்பழக்கம் கூறும் அறவுரையாகக் கொண்டு, ஒவ்வொன்றிற்கும் பொருள் விளக்கி நிறுத்துகின்றனர். மொழிமுதல் இலக்கணத்தைக் காட்டும் பதினெட்டு அடிகளும் வகர வருக்கமும் பிள்ளையை அடைவதேயில்லை. நூலின் தனிச்சிறப்பு எதுவோ அது விடப்பட்டது. பிற நூலிலும் கிடைப்பது எதுவோ அது கொள்ளப்பட்டது. ஆசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. ஆத்திசூடியை நீதிநூல் என்றே அவர்க்குக் கற்பித்து அனுப்பியவர் நாமேயாவோம். பல்கலைக்கழகத்தில் நன்னூல் எழுத்தியல் ஓர் அறையிலும் நீதி இலக்கியம் மற்றோர் அறையிலும் நடைபெறும்வரை இது தொடரும்.

அங்ஙனமாயின் 109 அடிகளையும் மீண்டும் மனப்பாடமாக்குக என்கின்றீரோ என வினவுவார் உளராயின், இல்லை என்பதே விடை. தகர வருக்கத்து ஐகார அடி பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று பணிப்பது. இன்றைய தொடக்கப் பள்ளியில் அதனைச் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் ஆசிரியையே. கேட்போருள் பாதியளவினர் சிறுமியர். அவ்வடியை வகுப்பில் ஓதுவிக்க எவர்க்கும் மனம் வாராது, வருதலும் கூடாது. மகர வருக்கத்து ஐகார அடியும் அத்தகையதே. இவ்விரண்டும் ஐகார இடத்திலேயே நேர்ந்தமை உற்றுநோக்கத்தக்கது. ஐகாரம் ஏறிய முதலெழுத்துச் சொற்கள் குறைவாதலின், எழுத்தின் நெருக்கடி சொல்லைக் கொணர்ந்தது. சொல் அக்காலத்துக் கருத்தைக் கொணர்ந்தது. தைத்திங்கள் இருக்கத் தையலை நாடினாரே என்று வருந்தலாம். அதனால் நூல் மாறிவிடாது. பாரதியாரும் பாரதிதாசனும் தத்தம் ஆத்திசூடியை இயற்றியது, எழுத்து நிரலை வைத்துக்கொண்டு கருத்தை மாற்றலாம் என அவர்கள் கண்டமையால் என்க. பாடநூற் குழுவினர் அவ்வழியே செல்லத் தடை யாதுமில்லை.

எழுத்தைக் கற்பிக்கும் வரிசை பற்றியும் ஒரு சொல். அகரத்தில் தொடங்குவதே முறை என்பாரும், ட, ப, ம போல நேர்கோட்டால் அமைந்த எளிய வடிவங்களில் தொடங்குக என்பாரும் நெடுநாளாக வழக்கிடுகின்றனர். நெடுங்கணக்கின் வைப்புமுறை சிறப்பும் இனமும் பற்றியது என நன்னூலார் காரணம் காட்டினர். அஃது ஒலியின் முறை. கைவிரல்களுக்கு அது கட்டளை ஆகாது. அகரத்தின் சுழியும் வளைவும் ஐந்து வயதுக் கைக்கு அரியன; டகரம் இரு கோட்டில் முடியும். நாவினால் அகர முதல் ஓதிக்கொண்டே கையினால் டகர முதல் எழுதிப் பழகுவதில் முரண் யாதும் இல்லை. வரிவடிவம் மாறா மரபு என்று அஞ்சுவார், எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்ட பழமையையும், வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களைத் திருத்தியதையும், பெரியார் 1935இல் முன்வைத்த சீர்திருத்தத்துள் பதின்மூன்று எழுத்துகளின் மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஆணையாக்கியதையும் எண்ணிப் பார்ப்பாராக. ணை, லை, ளை, னை என இன்று நாம் எழுதும் வடிவங்கள் அவ்வாணையால் பள்ளிக்கு வந்தவையே.

பாட்டுகளைப் பற்றிக் கூறுதல் சிறிது வருத்தந்தருவது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் (1876–1954) அழ. வள்ளியப்பாவும் (1922–1989) குழந்தைப் பாட்டிற்கு ஓர் அளவுகோலை வைத்துச் சென்றனர். பசுவையும் கன்றையும் பற்றிய கவிமணி பாட்டில் பிள்ளை காண்பது நிகழ்ச்சி. விலங்கின் உறுப்புப் பட்டியல் அன்று. இப்பொழுது எழுத்து அறிமுகத்திற்கெனப் புனையப்படும் பாட்டுகள் பலவற்றில், குறித்த எழுத்து இத்துணை முறை வரவேண்டும் என்னும் கட்டளையே யாப்பாகிவிட்டது. பெயர்ச்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அவற்றை இணைக்கும் வினை, வந்தது போனது என்னும் அளவில் ஒழியும். சந்தம் இருத்தலின் பிள்ளைகள் ஆடிப்பாடி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் குறைத்துக் கூறேம். ஆயினும் எழுத்து வரையறைக்குள் நின்று பொருளும் கூறமுடியும் என்பதற்கு ஓரடிக்கு ஓரெழுத்தாக நின்ற ஆத்திசூடி சான்றாக இருக்க, இவர்க்கு அது இயலாது எனக் கொள்வதற்கில்லை.

இறுதியாக, பிள்ளை வீட்டினின்றும் கொணரும் தமிழ். மதுரை, திண்டுக்கல் வட்டாரப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிக்கும். சிறுமலையில் விளைவதும் நகர்த்தெருவில் விற்பதும் ஆகிய பழத்தை இங்குள்ள பிள்ளை ‘வாளப்பளம்’ என்றே கேட்டு வளர்ந்தது. அது தன் ஏட்டில் அவ்வாறே எழுதுமாயின், செவிக்கு உண்மையாய் நடந்துகொண்டது என்பதே பொருள். ஒலியை எழுத்தாக்கும் வித்தையை அது முற்றக் கற்றுவிட்டது. கற்கவேண்டியது ஓர் ஒலி வேறுபாடு மட்டுமே. திருத்துவோர் அதனை எழுத்தறியாப் பிள்ளை எனக் குறித்து அரும்புக் குழுவில் அமர்த்துவரேல், மொழியியல் நோக்கில் அது பெரும்பிழை. எழுத்தறிவின்மையும் வட்டார ஒலிப்பும் இருவேறு நிலைகள். கைப்பேசிச் செயலியில் விடையைச் சரி, தவறு எனப் பதிவு செய்யும் மதிப்பீட்டு முறைக்கு இவ்வேறுபாடு புலப்படுதல் அரிது. வகுப்பாசிரியர் காதிற்கே அது புலப்படும்.

வீட்டுச் சொல்லைப் பள்ளிச் சொல்லாக்கும் முயற்சி இந்நிலத்திற்குப் புதிதன்று. சின்னாளபட்டியை அடுத்துச் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமம், 1937இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வியைக் கைக்கொண்ட இடம். தொழிலினின்றும் சொல்லும் சொல்லினின்றும் எழுத்தும் பிறத்தல் வேண்டும் என்பது அக்கொள்கை. நூற்கும் பிள்ளைக்குத் தக்களி, சிட்டம், பஞ்சு என்பன கையில் உள்ள பொருள்கள். படத்தைக் காட்டிப் பெயர் கூறவேண்டியதில்லை. அக்கல்வி பிற்காலத்தில் ஏன் தளர்ந்தது என்பது தனியே ஆராயத்தக்கது. பெற்றோர் தம் தொழிலினின்றும் பிள்ளை விடுதலை பெறவே பள்ளிக்கு அனுப்பினர். பள்ளியும் தொழிலையே தரின் அவர்க்கு அது உவப்பாயிராது என்பதும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் சொற்றொகுதி பற்றிய அக்கொள்கையின் பகுதி இன்றும் கொள்ளத்தக்கது. மாநிலம் முழுமைக்கும் பாடநூல் ஒன்றாதல் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. சமச்சீர்க் கல்விக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை 2011இல் நிலைநிறுத்திய உச்சநீதிமன்றத் தீர்ப்பும் தந்த நன்மையை ஊர்தோறும் ஒரு நூல் வகுத்து இழக்கலாகாது. நூல் ஒன்றாயினும் அதனைச் சுற்றி ஆசிரியர் எழுப்பும் சொற்கள் ஊருக்கேற்ப அமையலாம். அதற்குக் கருவியாகும் சொற்பட்டியல்கள் நம்மிடம் இல்லை. பூட்டுப் பட்டறையில் வழங்கும் சொற்கள், தோல் ஊறவைக்கும் தொட்டியைச் சூழ்ந்த சொற்கள், சுங்குடிச் சேலை முடிச்சிடும் பெண்டிர் வாய்ச்சொற்கள், நிலக்கோட்டையில் பூவின் தரத்தைக் குறிக்கும் சொற்கள், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் அளவையும் விலையையும் சுட்டும் சொற்கள் ஆகியன முதல் வகுப்புப் பிள்ளையின் செவியில் முன்னமே உள்ளன. முதுகலை மாணவர் இருவர் ஓராண்டு முயன்றால் இவற்றைத் தொகுத்துவிடலாம். தொகுக்குங்கால், அச்சொற்களுள் எவை ழகரம் உடையன, அவற்றை இங்குள்ளார் எவ்வாறு ஒலிக்கின்றனர், தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் பேசும் வீடுகளில் அவற்றிற்கு ஈடாக வழங்குவன யாவை என்பனவற்றையும் உடன் குறித்தல் வேண்டும்.